மாவு புளிக்கிறது, பாக்டீரியா ஏன் கரையவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். தோசை மாவைப் புளிக்க வைப்பது பாக்டீரியா. புளிப்பு என்றால் அமிலம். தான் உண்டாக்கிய அமிலத்திலேயே ராத்திரி முழுக்க ஊறிக் கிடக்கும் அந்தப் பாக்டீரியாவின் செல் சுவர் ஏன் கரைந்து போவதில்லை? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, ஒட்டுக்கடைகளுக்குக் கொடுத்துவரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே தொழில் சந்தேகம் ஒன்று: முதல் நாள் மிச்ச மாவை உறைக்கு ஊற்றினால் ஜம்மென்று பொங்குகிறது, மூன்று நாள் பழைய மாவை ஊற்றினால் புளிப்பு மட்டும் ஏறுகிறது, பொங்க மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு தம்பி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன்தான். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தயிர் பானத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இந்தக் கிருமிகளோடு மாரடித்தேன். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஆசிட் என்றதும் ஓட்டை போடுகிற, அரிக்கிற சமாச்சாரம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மாவில் இருப்பது அவ்வளவு மூர்க்கமான அமிலம் கிடையாது. நன்றாகப் புளித்த மாவின் பிஎச் 4.5 பக்கம் இருக்கும். பிஎச் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு ஏறியதாக அர்த்தம். 6-ல் இருந்த மாவு 4.5-க்கு வந்தால் ஏறக்குறைய 30 மடங்கு ஏற்றம். அது கிருமிக்குப் பெரிய விஷயம். ஆனால் அதன் சுவரின் இழைகளுக்கு ஒன்றுமே இல்லை. பருத்தி நூலில் சர்க்கரைகள் எந்த வகைப் பிணைப்பில் கோர்த்திருக்கின்றனவோ, பாக்டீரியா சுவரின் சர்க்கரைச் சங்கிலியும் அதே வகைப் பிணைப்பில்தான் கோர்த்திருக்கிறது. ஒரு பழைய பருத்தி வேட்டியை மோரில் முக்கி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நாற்றம் வரும், வேட்டி கரையாது. ஆய்வுக்கூடத்தில் இந்தச் சுவரைத் துண்டு துண்டாக்க வேண்டுமென்றால் அடர்த்தியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் சூடேற்றுவார்கள்.

ஆக, சுவர் அமிலத்தில் கரைவது என்ற பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு இரண்டு இடத்தில். ஒன்று, அமிலம் சுவரைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. இரண்டு, அந்த நெருக்கடியில் கிருமி தன் சுவரைத் தானே அறுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் அங்கேதான் சுவாரசியமே இருக்கிறது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். லாக்டிக் அமிலம் தண்ணீரில் இரண்டு வேஷத்தில் இருக்கும்: புரோட்டானை, அதாவது புளிப்புக்குக் காரணமான நேர்மின் துகளை, கையில் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று, அதை விட்டுவிட்டு மின்னூட்டத்தோடு திரிவது இன்னொன்று. மின்னூட்டம் உள்ளது, சுவருக்கு உள்பக்கமாகச் செல்லைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைக் கடக்கத் திணறும். புரோட்டானைப் பிடித்திருப்பது, நம் சந்தைக்கடை நெரிசலில் தெரிந்த ஆள் புகுந்து போவது மாதிரி உள்ளே நுழைந்துவிடும். பிஎச் 6-ல் இப்படி நுழையக்கூடியது 100-க்கு 1 கூட இல்லை. 4.5-க்கு வந்தால் 100-க்கு 19. பிஎச் 3.86-ல் சரிபாதி. செல்லின் உள்ளே அமிலத்தன்மை குறைவு என்பதால் நுழைந்த அமிலம் அங்கே புரோட்டானை அவிழ்த்துப் போட்டுவிடும். உள்ளே புளிப்பு ஏறும், நொதிகள் ஒவ்வொன்றாக வேலை நிறுத்தம் செய்யும். இதைச் சமாளிக்க, சவ்வில் இருக்கும் ஒரு புரோட்டான் பம்பு, செல்லின் சக்திக் காசான ஏடிபியைச் செலவழித்து புரோட்டான்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் லயத்து வாசலில் ஏறுகிற தண்ணீரை வாளியால் இறைத்துக்கொட்டுவோமே, அதுதான். இறைக்க ஆள் இருக்கும்வரை வீடு தாங்கும்.

இப்போது சுவருக்கு வருவோம்.

புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் எல்லாம் கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிகிற கூட்டம். 1884-ல் டென்மார்க்காரர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லினில் இருந்தபோது கண்டுபிடித்த சாயமுறை அது. ஊதாச் சாயம், அப்புறம் அயோடின், அப்புறம் ஆல்கஹாலில் ஒரு கழுவல், கடைசியில், பின்னால் வந்தவர்கள் சேர்த்த இளஞ்சிவப்புச் சாயம். சுவர் தடிப்பாக இருக்கும் பாக்டீரியா கழுவலில் ஊதாவை விடாது. சுவர் மெல்லியதாக இருப்பது ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பை வாங்கிக்கொள்ளும். இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தத் தடித்த சுவருக்குப் பெப்டிடோகிளைக்கான் என்று பெயர். இரண்டு வகைச் சர்க்கரை மாறி மாறிக் கோர்த்த நீளச் சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் அமினோ அமிலங்களாலான குட்டிக் கைகள் நீண்டு, பக்கத்துச் சங்கிலியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மீன் வலை மாதிரி, ஆனால் பல அடுக்கு. இது எதற்கு? உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க. இந்த வகைக் கிருமிகளுக்குள் இருக்கும் அழுத்தம் 20 வளிமண்டலம் வரை போகும். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. வலையில் ஓர் இடம் அறுந்தால் செல் வெடித்துக் கொட்டிவிடும். அமிலத்தைத் தடுத்து நிறுத்துவது இந்த வலையின் வேலையே அல்ல. வலைக் கண்கள் லாக்டிக் அமிலம் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு வாசல் கதவு மாதிரி அகலமானவை.

ஒரு சங்கடம் பாருங்கள். செல் வளர வேண்டும், இரண்டாகப் பிரிய வேண்டும். கட்டிய வேலியைப் பிரிக்காமல் தோட்டத்தை விரிக்க முடியாது. அதனால் கிருமி தன் சுவரை அறுக்கும் கத்தரிகளைத் தானே தயாரித்து வைத்திருக்கிறது. தன்னறுப்பு நொதிகள் என்று சொல்லலாம். பாலாடைக்கட்டிக்கும் மோருக்கும் பயன்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவில் முக்கியக் கத்தரியின் பெயர் ஏசிஎம்ஏ. ஒரு பக்கம் அறுக்கும் வேலை, இன்னொரு பக்கம் புதிய சங்கிலியைச் செருகித் தைக்கும் வேலை. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கும்வரை வளர்ச்சி. தைப்பதற்கு ஏடிபியும் மூலப்பொருளும் வேண்டும். அறுப்பதற்கு இரண்டுமே வேண்டாம். அமிலம் ஏறி, ஏடிபி முழுக்கப் புரோட்டானை இறைப்பதற்கே போய்விட்டால் தையல் நின்றுவிடும். கத்தரி நிற்குமா? அதை நிறுத்தத் தெரிந்த கிருமிதான் மறுநாள் மாவில் உயிரோடு இருக்கும்.

எப்படி நிறுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நாம் எல்லோரும் பார்த்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். இப்போது அங்கே திரும்பின பக்கமெல்லாம் செம்பனை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர்தான். அப்பா பால் கொட்டகையில் வேலை. பால்வெட்டுக்காரர்கள் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து வாளியில் சேர்த்துக் கொண்டுவரும் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அளந்து ஆசிட் ஊற்றுவார். பார்மிக் அமிலம். மூக்கைத் துளைக்கும். துடுப்பால் ஒரு கலக்கு, நுரையை ஒதுக்கிவிட்டு, இடையில் தகடுகளைச் செருகுவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீராய் ஓடிய பால் விரலால் அமுக்கினால் குழியாகிற அளவுக்குக் கட்டியாகியிருக்கும். ஏன்? ரப்பர் பாலில் மிதக்கும் துளி ஒவ்வொன்றின் மேலும் புரதப் போர்வை இருக்கிறது. அதில் எதிர்மின்னூட்டம். எல்லாத் துளிகளும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே மிதக்கின்றன. அமிலத்தின் புரோட்டான்கள் வந்து அந்த மின்னூட்டத்தை அடக்கியதும் தள்ளுதல் போய், ஒட்டிக்கொண்டுவிடும். பாலைக் கட்டிபடாமல் ஆலைக்கு அனுப்ப அமோனியா ஊற்றுவதும் இதனால்தான். மங்கில் எடுக்காமல் விட்ட பால் தானாகவே கட்டியாகி நாறுவதற்கும் காரணம் நம் நண்பர்களே. பாக்டீரியா உண்டாக்கும் அமிலம். பசும்பால் தயிராவதும் இதே கணக்கு: பிஎச் 4.6 வந்தால் பால் புரதத்தின் மின்னூட்டங்கள் சமனாகிவிடும்.

பாக்டீரியாவின் சுவரிலும் இதே மின்னூட்டக் கணக்குதான் ஓடுகிறது. பெப்டிடோகிளைக்கான் வலைக்குள் ஊடாக இன்னொரு வகை இழை ஓடுகிறது, டெய்கோயிக் அமிலம். 1958-ல் ஜேம்ஸ் பேடிலியின் குழுவினர் இதை உலகுக்குச் சொன்னார்கள். கிரேக்க மொழியில் ‘டெய்கோஸ்’ என்றால் மதில், பெயர் அங்கிருந்து வந்தது. பாஸ்பேட்டும் கிளிசரால் போன்ற சிறு மூலக்கூறுகளும் மாறி மாறிக் கோர்த்த நீள இழை. ஒரு முனை சவ்விலோ பெப்டிடோகிளைக்கானிலோ ஊன்றியிருக்கும். பாஸ்பேட் இருப்பதால் இழை முழுக்க எதிர்மின்னூட்டம். மாவு எவ்வளவு புளித்தாலும் பாஸ்பேட்டின் மின்னூட்டம் லேசில் போகாது, அதற்குப் பிஎச் 2 பக்கம் இறங்க வேண்டும். எதிர்மின்னூட்டம் இருக்கும் இடத்தில் மெக்னீசியம் போன்ற நேர்மின் அயனிகள் வந்து ஒட்டும். புளிப்பு ஏறினால் புரோட்டான்களும் வந்து மொய்க்கும்.

இங்கே கிருமி ஒரு கைவேலை செய்கிறது. அலனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, அதன் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிக்கொள்கிறது. இடக்கைக் கையுறையை வலக்கைக் கையுறையாக்குவது போல. அதற்குப் பெயர் டி-அலனின். அதை ஏடிபி செலவழித்து உசுப்பி, ஒரு சுமைப் புரதத்தின் முதுகில் ஏற்றி, சவ்வைத் தாண்டிக் கொண்டுபோய் டெய்கோயிக் இழையில் ஆங்காங்கே பொருத்துகிறது. இந்த வேலையைச் செய்யும் மரபணுக் கொத்துக்கு டிஎல்டி என்று பெயர். ஏ, பி, சி, டி என்று நான்கு. டி-அலனினின் நேர்மின்னூட்டம் பக்கத்துப் பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடும். எத்தனை பொருத்துவது என்பது கிருமியின் கையில். கூட்டலாம், குறைக்கலாம். சுவரை இடிக்காமல், புதிதாகக் கட்டாமல், அதன் குணத்தை மாற்றும் திருகு இது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2000-ல் வெளியான ஓர் ஆய்வு பட்டென்று காட்டியது. அதில் எடுத்துக்கொண்டது மாவுக் கிருமி அல்ல, பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். அதுவும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் கக்கும் ஒன்றுவிட்ட சொந்தம்தான். நான் சொன்ன அந்தச் சுமைப் புரதத்தின் மரபணுவை, அதாவது டிஎல்டி-சியை, முடக்கிவிட்டார்கள். டெய்கோயிக் இழையின் நீளம் மாறவில்லை, ஆனால் ஒரு டி-அலனின்கூட அதில் இல்லை. விளைவு: பிஎச் 6.5-க்குக் கீழே அந்தக் கிருமியால் வளரவே தொடங்க முடியவில்லை. பிஎச் 3.5-ல் 3 மணி நேரம் வைத்தால் செத்தது. சாதாரணக் கிருமியை அதே நேரத்தில் கொல்ல 3.0 வரை போக வேண்டியிருந்தது. புரோட்டான்களும் அதற்குள் அதிகமாகக் கசிந்தன. இழையில் எதிர்மின்னூட்டம் தணிந்திருந்தால் புரோட்டான்கள் சவ்வை ஒட்டிக் குவிவது குறையும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சுவரில் ஒட்டிய ஒரு குட்டி அமினோ அமிலம் போனதும், சவ்வின் கசிவே மாறிப்போனது பாருங்கள். பள்ளிப் பாடத்தில் சுவர் தனி, சவ்வு தனி என்று தனித்தனிக் கோடாக வரைவார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் நெடுநாள் கோபம் உண்டு.

கத்தரிக்கு வருகிறேன். டெய்கோயிக் இழைகளில் டி-அலனின் எவ்வளவு இருக்கிறது என்பது தன்னறுப்பு நொதிகள் சுவரில் எங்கே போய் ஒட்டும், எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதையும் பாதிக்கிறது. அது ஒரு கடிவாளம். இன்னொரு கடிவாளம் இன்னும் வேடிக்கையானது. உயிரோட்டமாக இருக்கும் செல் புரோட்டான்களை வெளியே இறைத்துக்கொண்டே இருப்பதால், அதன் சுவர்ப் பகுதி சுற்றுப்புறத்தை விட எப்போதுமே கொஞ்சம் புளிப்பாக இருக்கும். அந்தப் புளிப்பே கத்தரிகளை மந்தமாக்கி வைக்கிறது. மண்ணில் வாழும் பேசிலஸ் சப்டிலிஸ் கிருமியில் 1981-ல் இதைக் காட்டினார்கள்: சவ்வின் மின்னேற்றத்தைக் குலைத்தால், கத்தரிகள் அவிழ்ந்து செல் தன்னைத் தானே கரைத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்ட ‘ஏன் கரையவில்லை’ என்ற கேள்விக்கு என்னைக் கேட்டால் இதுதான் மையப் பதில். கரைக்கும் ஆள் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வெளியே இறைக்க சக்தி இருக்கும்வரை அவன் கட்டுப்பட்டிருப்பான்.

லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வலையில் கைகோர்க்கும் இடத்தில் நடுவில் ஓர் அஸ்பார்டிக் அமிலம் பாலமாக இருக்கும். அதன் அமில முனையை ஒரு நொதி மூடி, அஸ்பராஜினாக மாற்றிவிடும். ஓர் எதிர்மின்னூட்டம் கழிந்தது. இந்த மூடியைப் போடத் தெரியாதபடி செய்த கிருமிகளைச் சொந்தக் கத்தரியும் எளிதாக அறுக்கிறது, நம் கண்ணீரிலும் மூக்குச்சளியிலும் இருக்கும் லைசோசைமும் எளிதாக அறுக்கிறது. லைசோசைம் என்றால் பென்சிலின் புகழ் அலெக்சாண்டர் பிளெமிங் 1922-ல் அறிவித்த அதே நொதி.

எனக்கு மிகவும் பிடித்தது இனி சொல்லப்போவது. மாவில் வேலை செய்யும் லியூகோனாஸ்டாக், பெடியோகாக்கஸ், பிளாண்டாரம் என்ற மூன்று பாக்டீரியாக்களுக்கும் பொதுவாக ஒரு விசித்திரம் உண்டு. மற்றப் பெரும்பாலான பாக்டீரியாக்களில் வலையின் குட்டிக் கைகள் இரண்டு டி-அலனினில் முடியும். இவற்றில் கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டேட், அதாவது புரோட்டானை விட்டுவிட்ட லாக்டிக் அமிலம், இருக்கும். ஆமாம், தான் கழித்துவிடும் புளிப்பையே எடுத்து மதிலில் ஒரு கல்லாகப் பதித்துக்கொள்கிறது. அதனால்தான் வான்கோமைசின் என்ற வலிமையான ஆண்டிபயாட்டிக் இவற்றிடம் பலிப்பதில்லை. அந்த மருந்து இரண்டு அலனின் இருக்கும் முனையைத்தான் கவ்வும். பதிப்பதற்கு லாக்டேட்டிலும் கண்ணாடிப் பிம்பமான டி வகைதான் வேண்டும். பிளாண்டாரத்தில் அதை நேராகத் தயாரிக்கும் நொதியை முடக்கினாலும் அது அசராது. எல் வகை லாக்டேட்டை டி வகையாகப் புரட்டிப்போடும் இன்னொரு நொதியைக் கையில் வைத்திருக்கிறது. சுவருக்குக் கல் தட்டுப்பாடு வரக் கூடாது என்பதற்காகவே வைத்திருக்கும் மாற்று வழி அது என்று 2005-ல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நொதி வேலை செய்ய நிக்கல் வேண்டும். உங்கள் மாவு வாளிக்குள் நிக்கல் வேதியியல் நடக்கிறது தம்பி.

சரி, சுவருக்கு ஆபத்து என்று கிருமிக்கு எப்படித் தெரிகிறது? சவ்வில் காவலாள் மாதிரி சில புரதங்கள் நிற்கின்றன. வெளியே சுவர்த் தயாரிப்பில் கோளாறு என்றால் அவை உள்ளே இருக்கும் ஒரு கூட்டாளிப் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அந்தக் கூட்டாளி டிஎன்ஏ-வில் போய் உட்கார்ந்து, பழுதுபார்க்கும் மரபணுக்களைத் திறந்துவிடும். லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் இந்த ஜோடிக்கு செஸ்-எஸ், செஸ்-ஆர் என்று பெயர். அப்புறம், சைக்ளிக்-டை-ஏஎம்பி என்ற ஒரு சின்னச் சமிக்ஞை மூலக்கூறு இருக்கிறது. செல் எவ்வளவு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கலாம், அதாவது உள்ளழுத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. சுவருக்குச் சர்க்கரைக் கல் தயாரிக்கும் நொதி ஒன்று, இந்தச் சமிக்ஞையைத் தயாரிக்கும் நொதியை நேராகவே போய்ப் பிடித்து அடக்குகிறது என்று 2016-ல் லாக்டோகாக்கஸில் கண்டார்கள். கல் அடுக்கும் மேஸ்திரியும் தண்ணீர்த் தொட்டிக்காரரும் பேசிவைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். சவ்வும் தன் பங்குக்குக் கொழுப்பு அமிலங்களை மாற்றிக் கசிவைக் குறைத்துக்கொள்ளும். அதுவே தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது, விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் மாவு வாளி.

அரைத்த புதிதில் பெருகுவது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். அது உளுந்தோடேயே வருகிறது, நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். மாவு பொங்குவது பெரும்பாலும் இந்த வாயுவால். அதைப் பிடித்து வைப்பது உளுந்தின் பிசுபிசுப்பு. ஆனால் இதன் வருமானம் குறைவு. ஒரு குளுக்கோஸுக்கு 1 ஏடிபிதான். லாக்டிக் அமிலம் மட்டும் உண்டாக்கும் பெடியோகாக்கஸ் மாதிரி ஆட்களுக்கு அதே குளுக்கோஸில் 2. இந்தக் காசிலிருந்துதான் புரோட்டானை இறைக்க வேண்டும், டி-அலனின் பொருத்த வேண்டும், சுவர் தைக்க வேண்டும். வருமானம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புளிப்பு ஏற ஏற யார் முதலில் விழுகிறார்கள் என்பது தெளிவு. 1990-ல் லியூகோனாஸ்டாக்கையும் பிளாண்டாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். லியூகோனாஸ்டாக்கின் உட்புற பிஎச் 5.4-லிருந்து 5.7-க்குள் இறங்கியதுமே உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் வைத்திருக்க முடியாமல் போனது. பிளாண்டாரமோ உள்ளே 4.6-லிருந்து 4.8 வரை இறங்கியும் தாக்குப்பிடித்தது. பிளாண்டாரம் குளுக்கோஸிலிருந்து வாயு விடாது. மூன்றாம் நாள் மாவில் மிஞ்சியிருப்பது இந்த வகையறாதான். அதை உறையாக ஊற்றினால் என்ன நடக்கும்? புது மாவில் முதல் மணி நேரங்களிலேயே புளிப்பை ஏற்றிவிடும். உளுந்திலிருந்து வந்த லியூகோனாஸ்டாக் மூச்சு விடுவதற்குள் அதன் காலம் முடிந்துவிடுகிறது. புளிப்பு ஏறுகிறது, பொங்கவில்லை. நீங்கள் பார்த்ததேதான்.

முதல் நாள் மாவு ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு, லியூகோனாஸ்டாக் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. மிதமான புளிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்த பாக்டீரியா, பின்னால் வரும் கடும் புளிப்பைத் தாங்கத் தயாராகிவிடும். புரோட்டான் பம்புகளைக் கூட்டிக்கொள்ளும், சுவரையும் சவ்வையும் சரிசெய்துகொள்ளும். நான் சொன்ன டி-அலனின் இல்லாத பல்சொத்தைக் கிருமியில் இந்தத் தயாராகும் திறன், சாதாரணக் கிருமியோடு ஒப்பிட்டால் ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை குறைந்திருந்தது. சுவரின் அந்தத் திருகு இல்லாமல் பழக்கமே படிய மாட்டேன் என்கிறது. ஆனால் தயாராக இருக்கும் நிலை ரொம்ப நாள் நீடிக்காது. சர்க்கரை தீர்ந்து, ஏடிபி தீர்ந்தால் கடிவாளம் தளரும்.

தொழிற்சாலையில் ஒரு தடவை எனக்கே இது நடந்தது. நீண்ட விடுமுறைக்கு முன்னால் வளர்த்த தாய் உறையை யாரோ குளிர் அறையில் வைக்க மறந்து, வெளியிலேயே விட்டுவிட்டார்கள். நாலாம் நாள் திரும்பி வந்து, நேரமில்லை என்று அதையே தொட்டியில் ஊற்றச் சொன்னார் மேலாளர். எனக்குச் சந்தேகம். ஒரு துளி எடுத்து கண்ணாடித் தகட்டில் தடவி, கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். அடர்ந்த ஊதாக் கம்பிகளாகத் தெரிய வேண்டியவற்றில் பாதிக்கு மேல் வெளிறிய இளஞ்சிவப்பு. சிலது ஓரம் மங்கி, வெறும் கூடு மாதிரி. வேறு கிருமி கலந்துவிட்டதோ என்று முதலில் பயந்துபோனேன். கலக்கவில்லை. அதே கிருமிகள்தான், வயதாகிச் சுவர் நைந்து, ஊதாவைப் பிடித்துவைக்க முடியாமல் போனவை. சொன்னதைக் கேட்காமல் ஊற்றினார்கள். சாயங்காலம் உறைய வேண்டிய தொட்டி நடுராத்திரி வரை தண்ணீராகவே இருந்தது, கடைசியில் பன்றிப் பண்ணைக்குப் போயிற்று.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. பொங்கி உச்சிக்கு வந்த மாவிலிருந்து, அது இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, மறுநாள் உறைக்கு ஒரு குவளை எடுத்து மூடி குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். விற்றது போக மிஞ்சியதிலிருந்து எடுக்காதீர்கள், அதுதான் நீங்கள் செய்யும் தவறு என்று நினைக்கிறேன். அங்கே பகலில் 32, 33 டிகிரி போகும். காலையில் பொங்கிய மாவு மத்தியானம் வரை வெளியில் இருந்தாலே பிஎச் வேகமாக இறங்கும். ஒருநாள் பழையதற்கு மேல் போன உறையானால் அளவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நிறைய ஊற்றினால் புளிப்புத்தான் முந்தும். பிஎச் பார்க்கும் காகிதப் பட்டை வாங்கிக்கொண்டால் நல்லது, ஈப்போவில் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பட்டை 4.5 பக்கம் காட்டும்போது உறைக்கு எடுங்கள். 4-க்கு வந்துவிட்டால் அந்த மாவை ஊத்தப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டால் புளிப்பு தெரியாது. உறைக்கு மட்டும் வேண்டாம்.